காரோ மலைநாட்டுக்குப் போகிறீர்களா? தோபாவை இந்த முறை விட்டுவிடுங்கள்

பினாங்கு ஜெலுத்தோங்கில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: பள்ளி விடுமுறையில் கணவர், 14 வயது மகன், 10 வயது மகள், சைவம் மட்டுமே சாப்பிடும் 68 வயது அம்மா ஆகியோருடன் வட சுமத்ராவின் பெராஸ்தாகிக்குப் போக வேண்டும். எரிமலை, அந்த மலைநாட்டில் வாழும் காரோ மக்களின் பழைய கிராமங்கள், தோபா ஏரி, மூன்றையும் பார்க்க வேண்டும். கையில் நான்கு நாட்கள். சினாபுங் எரிமலையால் ஆபத்து உண்டா? அம்மாவுக்குச் சாப்பாடு கிடைக்குமா? காரோ மக்களிடையே சோழர், பாண்டியர் என்ற பெயர்கள் இருப்பதாகச் சொல்கிறார்களே, அது உண்மையா?

சகோதரி, முதலில் தோபாவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பெராஸ்தாகியிலிருந்து ஏரிக்கரையில் இருக்கும் பராபாட் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். மலைப்பாதையில் அது அரை நாள். அங்கிருந்து படகேறி சாமோசிர் தீவு, மறுநாள் திரும்ப விமானம் ஏறும் மேடான் நகரம் என்று கணக்குப் போட்டால் நான்கு நாளில் இரண்டு நாள் வேனுக்குள்ளேயே கழிந்துவிடும். அம்மாவின் முதுகு என்ன பாவம் செய்தது? ஏரியைப் பார்க்க வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

நான் சும்மா சொல்லவில்லை. முதன்முறை போனபோது மேடானில் ஒரு பயண முகவரிடம் ஒருநாள் சுற்றுக்குப் பணம் கட்டினேன். காலை ஆறு மணிக்குக் கிளம்பி இரவு ஒன்பது மணிக்குத் திரும்பினோம். அதில் லிங்கா என்ற பழைய காரோ கிராமத்துக்குக் கிடைத்தது இருபது நிமிடம். ஒரு வீட்டு வாசலின் மூங்கில் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் என்னையும் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் உட்காரப் போகும்போது ஓட்டுநர் ஹாரன் அடித்தார். முப்பது ஆண்டுகள் புவியியல் பாடம் நடத்தியவன் ஒரு எரிமலை அடிவாரத்து வீட்டில் உட்காரக்கூட முடியாமல் ஓடி வந்தேன் என்ற வெட்கம் நெடுநாள் இருந்தது. அதன் பிறகு ஐந்து முறை போய்விட்டேன். ஒரு முறைகூட மேலே இரண்டு இரவுக்குக் குறைவாகத் தங்கியதில்லை. மேடானில் அறை எடுத்துக்கொண்டு பகலில் மட்டும் மலைக்கு ஏறி இறங்குவதைவிட, பினாங்கு மலைக்கு ரயிலேறிப் போய் வருவது செலவும் குறைவு, அலுப்பும் குறைவு.

பயணம் எளிது. நம் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து மேடானின் குவாலாநாமு விமான நிலையம் ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த பறப்பு. மலாக்கா நீரிணையைத் தாண்டுவதுதான் வேலை. அங்கே கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடுவதால், கிளம்பிய நேரத்திலேயே இறங்கியதுபோல் இருக்கும். மலேசியக் கடப்பிதழுக்கு முப்பது நாள் வரை விசா தேவையில்லை; வருகைக்கான இணையப் படிவத்தைக் கிளம்பும் முன்பே நிரப்பிவிடுங்கள். மேடானின் பெலாவான் துறைமுகத்துக்கு நம் பினாங்கிலிருந்து கப்பல் ஓடிய காலம் ஒன்று இருந்தது. காரோ மலையின் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் எதிர்த்திசையில் கடல் கடந்து பினாங்குச் சந்தைக்கு வந்தன. டச்சுக்காரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த மலையில் காய்கறி பயிரிடச் செய்தபோதே பினாங்கும் சிங்கப்பூரும்தான் அவர்களுக்குச் சந்தை. நம் பாட்டிமார் சமைத்த முட்டைக்கோஸ் எரிமலைச் சாம்பலில் விளைந்ததாக இருந்திருக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

விமான நிலையத்திலேயே ஓட்டுநருடன் வேன் அமர்த்தி நேராக மேலே போய்விடுங்கள். மேடான் நகரத்தைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேடானிலிருந்து பெராஸ்தாகி 66 கிலோமீட்டர்தான், ஆனால் வார நாளிலேயே இரண்டரை மணி நேரம் பிடிக்கும். சனிக்கிழமை மேடான் நகரமே குளிர் தேடி அந்த ஒற்றைச் சாலையில் ஏறும். அன்று போனால் நீங்கள் பார்க்கப்போவது லோரியின் பின்பக்கத்தைத்தான். ஞாயிறு மாலை இறங்குவதும் அதே கதை. திங்கள் முதல் வியாழன் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறை எது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. ஆண்டிறுதி விடுமுறை என்றால் வேண்டாம் என்பேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தப் பக்கம் மழை கொட்டும். 2024 நவம்பரில் சிபோலாங்கிட் பகுதியில் இதே சாலையில் மண் சரிந்து வாகனங்களில் இருந்தவர்கள் இறந்தார்கள். எரிமலைக்குப் பயப்படுகிறவர்கள் இந்த மண்சரிவைப் பற்றி யோசிப்பதே இல்லை. ஜூன், ஜூலை நல்ல காலம்.

இப்போது எரிமலைக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத் தொடங்கும் இடம் சுமத்ரா அல்ல, பேராக். கோலகங்சாரிலிருந்து கிரிக் போகும் சாலையில் லெங்கோங் பள்ளத்தாக்கு இருக்கிறது. 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே கோத்தா தம்பான் என்ற இடத்தில் கற்கருவி செய்யும் பட்டறை ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். உளியாக வேண்டிய கல், சுத்தியலாகப் பயன்பட்ட கல், செதுக்கி விழுந்த சில்லு எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தன. மேலே எரிமலைச் சாம்பல். அந்தச் சாம்பல் நீரிணைக்கு அப்பாலிருந்து வந்தது. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் தோபா வெடித்தபோது பறந்த சாம்பல் ஆந்திராவின் ஜுவாலாபுரம் வரை படிந்திருக்கிறது. வெடித்து உள்ளே சரிந்த குழியில் தண்ணீர் நிரம்பியதுதான் தோபா ஏரி: 100 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம், ஆழம் சில இடங்களில் 500 மீட்டருக்கு மேல். ஒரு மாநிலத்தையே போட்டு மூடக்கூடிய குழி. பிள்ளைகளை முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லெங்கோங் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். அதன் பிறகு சுமத்ரா வேறு மாதிரி தெரியும்.

அங்கே மட்டும் ஏன் எரிமலை, இங்கே ஏன் இல்லை என்று மகன் கேட்பான். இந்தியப் பெருங்கடலின் அடித்தட்டு சுமத்ராவின் மேற்குக் கரைக்குக் கீழே சாய்வாக நுழைந்துகொண்டே இருக்கிறது. நூறு கிலோமீட்டர் ஆழத்தை ஒட்டி அந்தத் தட்டிலிருந்து நீர் கசிந்து மேலுள்ள சூடான பாறையில் கலக்கிறது. நீர் கலந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். உருகிய குழம்பு மேலேறி வரும் கோட்டில்தான் சுமத்ராவின் எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. நாம் அந்தக் கோட்டுக்குக் கிழக்கே தள்ளி இருக்கிறோம். நமக்குச் சாம்பல் மட்டும் வந்தது.

பெராஸ்தாகி ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேமரன் மலையின் தானா ராத்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வடக்கே சிபாயாக், மேற்கே சினாபுங். குண்டாலிங் குன்றில் ஏறினால் இரண்டும் தெரியும். காலை ஏழு மணிக்குள் ஏறுங்கள். ஒன்பது மணிக்கு மேகம் வந்து திரை போட்டுவிடும்.

சிபாயாக் ஏறத்தாழ 2,200 மீட்டர். சிபாயாக் என்பது காரோ தலைவர்களுக்கு வழங்கிய பட்டப்பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பிறகு வெடித்ததில்லை, ஆனால் உறங்கவும் இல்லை. உச்சிக் குழியில் பாறை இடுக்குகளிலிருந்து கந்தக ஆவி குக்கர் விசில்போலச் சீறிக்கொண்டிருக்கும். மஞ்சள் கந்தகம் படிந்த கல்லை மகள் கையில் எடுத்துப் பார்க்க ஆசைப்படுவாள். சூடு பார்த்துத் தொடச் சொல்லுங்கள். ஜாராங்குடா வழியில் பழைய சாலை மலையின் பெரும்பகுதிவரை போகிறது. அதன் பிறகுதான் நடை. நீங்களும் கணவரும் பிள்ளைகளும் விடியுமுன் கிளம்பி ஏறலாம். அம்மா வேண்டாம், பிள்ளைகளில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் அவர்களும் வேண்டாம். வழிகாட்டி இல்லாமல் ஏறாதீர்கள். "சின்ன மலைதானே, கைப்பேசியில் வரைபடம் இருக்கிறதே" என்று தனியாகப் போய்ப் பனிமூட்டத்தில் வழி தப்பியவர்கள் பலர். திரும்பி வராதவர்களும் உண்டு. ஒரு முறை உச்சியில் பதினைந்து நிமிடத்தில் மூடுபனி சூழ்ந்து என் காலணியே எனக்குத் தெரியாமல் போனது. வழிகாட்டி முன்னால் நின்று பாடிக்கொண்டே நடந்தார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

மலை ஏறாத அம்மாவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சிபாயாக்கின் அடிவாரத்தில் செமாங்கட் குனுங் கிராமத்தை ஒட்டி வெந்நீர்க் குளங்கள் இருக்கின்றன. அதே மலையின் வெப்பத்தில் இயங்கும் சிறிய மின்நிலையத்தின் குழாய்களும் அங்கேதான். மூட்டுவலிக்காரர்கள் காலை நீட்டி உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. தண்ணீரில் கந்தகம் இருப்பதால் வெள்ளிக் கொலுசு, மோதிரம் எல்லாம் கறுத்துப்போகும். கழற்றி வைத்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள்.

சினாபுங் வேறு. 2,460 மீட்டர். 1600-க்குப் பிறகு வெடித்ததாகப் பதிவு இல்லாததால் இந்தோனேசிய எரிமலைத் துறை அதை இரண்டாம் வகையில் வைத்திருந்தது. அதாவது, தொடர்ந்து கண்காணிக்கத் தேவையில்லை என்று. 2010 ஆகஸ்ட்டில் திடீரென்று விழித்துக்கொண்டது. பிறகு 2013 செப்டம்பரில் மீண்டும் தொடங்கி ஆண்டுக்கணக்கில் ஓயவில்லை. 2014 பிப்ரவரி 1 அன்று, கொஞ்சம் அடங்கிவிட்டது என்று தோன்றிய வேளையில், சூடான சாம்பலும் வாயுவும் கலந்த மேகம் தெற்குச் சரிவில் உருண்டு வந்தது. குறைந்தது 14 பேர் இறந்தார்கள். அவர்களில் மாணவர்களும் இருந்தார்கள். அருகிலிருந்து படம் எடுக்கத் தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் போனவர்கள். 2016 மே மாதம் காம்பர் கிராமத்தில் ஏழு பேர் இறந்தார்கள். அவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர். விட்டுவந்த வயலில் வேலை செய்யப் போன விவசாயிகள்.

ஆகவே ஆபத்து உண்டா என்ற கேள்விக்கு என் பதில் இது: பெராஸ்தாகி ஊரில் தங்குவது ஆபத்தில்லை, வெடிப்புக் காலத்திலும் அந்த ஊர் சாம்பல் தூசியோடு இயங்கிக்கொண்டுதான் இருந்தது. சினாபுங்கின் தடைசெய்யப்பட்ட வட்டத்துக்குள் போவதுதான் ஆபத்து. இந்தோனேசியாவில் எரிமலைக்குத் தாழ்ந்ததிலிருந்து உயர்ந்தது வரை நான்கு எச்சரிக்கை நிலைகள் உண்டு: நோர்மல், வாஸ்பாடா, சியாகா, ஆவாஸ். 'மாக்மா இந்தோனேசியா' என்ற அரசு இணையப் பக்கத்தில் ஒவ்வொரு மலைக்கும் அன்றைய நிலையும் எத்தனை கிலோமீட்டருக்குள் போகக்கூடாது என்பதும் இருக்கும். கிளம்பும் முன்பும் அங்கே தினமும் காலையிலும் பாருங்கள். "அதெல்லாம் பரவாயில்லை, நான் கூட்டிப் போகிறேன், நல்ல படம் கிடைக்கும்" என்று யாராவது காசு கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அந்த வட்டத்தின் ஓரத்தில் இன்னும் சில கிராமங்கள் புல் முளைத்துக் கிடக்கின்றன. கூரை இடிந்த வீடு, சாம்பல் சேறு நிரம்பிய தேவாலயம். சிமாசெம், பெக்கேரா, சுகாமேரியா என்ற மூன்று கிராமத்து மக்களைச் சியோசார் என்ற மேட்டுநிலத்தில் குடியேற்றினார்கள். இப்போது அந்த இடமும் பயண ஏற்பாட்டாளர்களின் பட்டியலில் வந்துவிட்டது. காற்றும் காட்சியும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அது ஊரை இழந்தவர்களின் புதிய தெரு. அங்கே போய்ப் படம் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. போகிறவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன், அங்குள்ளவர்கள் காப்பிக்கடை வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கும் வியாபாரம் வேண்டும். நீங்களே முடிவெடுங்கள்.

சாம்பலைச் சபித்துவிட்டு அந்த மக்கள் வேறெங்கும் போய்விடவில்லை என்பதைக் கவனியுங்கள். சாலையோரம் முட்டைக்கோஸ், கேரட், ஆரஞ்சு, காப்பி என்று மண் கறுப்பாகப் பொங்கி நிற்கும். அந்தக் கறுப்பு பழைய வெடிப்புகளின் கொடை. கிராமங்கள் இந்த மலைகளின் காலடியில் அமைந்ததற்கும் அவை அழிந்ததற்கும் காரணம் ஒன்றேதான்.

பழைய கிராமங்களில் லிங்கா, டோக்கான் இரண்டும் போதும். பெச்சேரென் பெராஸ்தாகிக்குப் பக்கம் என்று ஓட்டுநர் கூட்டிப் போவார். அங்கே பழையது அதிகம் மிச்சமில்லை. லிங்கா, மாவட்டத் தலைநகர் கபான்ஜாஹேவுக்கு அருகில் இருக்கிறது. அங்கே நிற்கும் பெரிய வீடுகளில் ஒன்றுக்கு கெர்கா என்றும் இன்னொன்றுக்கு பெலாங் ஆயோ என்றும் பெயர். வீட்டுக்குப் பெயர் வைப்பது நமக்கும் பழக்கம்தானே.

இந்த வீடுகளை 'ருமா சிவாலு ஜாபு' என்பார்கள். எட்டுக் குடும்ப வீடு என்று பொருள். தடித்த மரத்தூண்களின் மேல் ஆளுயரத்துக்குத் தூக்கிக் கட்டிய ஒரே கூடம். உள்ளே சுவர் கிடையாது. நடுவில் நடைபாதை, இரு பக்கமும் குடும்பங்கள், இரண்டு குடும்பத்துக்கு ஓர் அடுப்பு என்று நான்கு அடுப்புகள். யார் எந்த மூலையில் இருப்பது என்பதை உறவுமுறை தீர்மானிக்கும். ஆணி அடிக்காத கட்டுமானம். மரத்தை மரத்தில் செருகி, கயிற்றால் பிணைத்திருப்பார்கள். சாய்ந்த பலகைச் சுவரில் கறுப்பு நாரால் பல்லி உருவம் தைத்திருப்பதைக் காட்டுங்கள். அது அழகுக்கும் ஆகும், பலகைகளைச் சேர்த்துப் பிடிக்கவும் ஆகும், தீயதை விரட்டவும் ஆகும். நம் வீட்டுப் பல்லி பலன் சொல்லும், அவர்கள் வீட்டுப் பல்லி காவல் காக்கும். கூரை, ஒருவகைப் பனையிலிருந்து எடுக்கும் 'ஈஜுக்' என்ற கறுப்பு நாரால் வேய்ந்தது. உச்சியின் இரு முனையிலும் எருமைக் கொம்பு. வாசற்படி குட்டையானது, பெரிய மனிதரானாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். வாசலுக்கு முன்னால் மூங்கில் கழிகளை அடுக்கிய திண்ணைக்குத் 'துரே' என்று பெயர். அந்த மூதாட்டி என்னை உட்காரச் சொன்னது அதில்தான்.

ஒரே கூடத்தில் எட்டுக் குடும்பம் என்றதும் நம் தோட்டத்து லயன் வீடு நினைவுக்கு வரலாம். நான் அப்படி நினைத்து ஒருவரிடம் சொல்லியும் தொலைத்தேன். அவர் பொறுமையாகத் திருத்தினார்: லயன் வீட்டை முதலாளி கட்டினான், இதை நாங்கள் கட்டினோம். அதன் பிறகு நான் அந்த ஒப்பீட்டைச் செய்வதில்லை.

இத்தகைய வீடுகள் ஒரு காலத்தில் ஊருக்குப் பத்திருபது நின்றன. 1947-இல் டச்சுப் படை முன்னேறி வந்தபோது எதிரிக்குப் பயன்படக்கூடாது என்று பல ஊர்களை மக்களே கொளுத்திவிட்டுப் பின்வாங்கினார்கள். மிஞ்சியவற்றை மழையும் வசதியும் தின்றன. ஈஜுக் கூரை மாற்றுவது பெருஞ்செலவு. தனிச் சமையலறையும் குழாய்த் தண்ணீரும் வேண்டும் என்று இளையவர்கள் பக்கத்தில் கல்வீடு கட்டிக்கொண்டார்கள். "பாரம்பரியத்தைக் காக்கவில்லையே" என்று நாம் உச்சுக்கொட்டுவது எளிது. நான்கு அடுப்புப் புகையில் நாம் குடியிருப்போமா? டோக்கானில் இன்னும் ஆள் வசிக்கும் வீடுகள் இருப்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும். காப்பிக்கொட்டை காயும், கோழி குறுக்கே ஓடும்.

நுழைவுக் கட்டணம் என்று சில இடங்களில் கேட்பார்கள், சில இடங்களில் கேட்பவருக்கும் கிராமத்துக்கும் சம்பந்தமே இருக்காது. சிறு தொகைதான், ரசீது கேளுங்கள், இல்லாவிட்டாலும் சண்டை வேண்டாம். வீட்டுக்குள் போகும் முன் அனுமதி கேளுங்கள், காலணியைக் கழற்றுங்கள். 'மெஜுவா-ஜுவா' என்று வணக்கம் சொன்னால் முகம் மலரும். 'புஜுர்' என்றால் நன்றி. உங்கள் அம்மாவும் அங்குள்ள பாட்டிமாரும் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்துவிட்டால் மொழியே தேவைப்படாது. அதற்கு நேரம் விடுங்கள். ஓட்டுநரிடம் ஹாரன் அடிக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவையுங்கள்.

சோழர், பாண்டியர் கேள்விக்கு வருகிறேன். பெயர்கள் உண்மை. காரோ சமூகம் கிந்திங், காரோ-காரோ, பெராங்கின்-ஆங்கின், செம்பிரிங், தாரிகான் என்று ஐந்து பெருங்குலங்களாகப் பிரிந்தது. செம்பிரிங் என்ற சொல்லில் கறுப்பு என்ற பொருள் ஒளிந்திருக்கிறது. அந்தக் குலத்தின் கிளைகளில் சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா, பிரம்மானா என்ற பெயர்கள் வருகின்றன. சோழ, பாண்டிய, பல்லவ, மலையாள, பிராமண என்று காதில் விழாமல் இருக்காது. இந்தக் கிளைகளுக்கு நாய் இறைச்சி விலக்கு. இறந்தவரின் எரித்த சாம்பலைச் சிறு படகில் வைத்து ஆற்றில் விடும் சடங்கும் இவர்களிடம் இருந்தது.

சுமத்ராவில் தமிழ் வணிகர் இருந்ததற்குக் கல்லே சாட்சி. மேற்குக் கரையில் பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவைப் பேசுகிறது. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பாருஸின் கற்பூரம்தான் அவர்களை இழுத்தது. மேடானுக்கு வடக்கே கோத்தா சீனா என்ற பழந்துறையில் தென்னிந்தியச் சாயலுடைய விஷ்ணு, இலக்குமி, புத்தர் சிலைகள் கிடைத்தன. இரண்டு கரைக்கும் நடுவே காரோ மலை. வணிகர்கள் உள்ளே போயிருப்பார்கள், மணம் செய்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுவது நியாயமானது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு சிலர் கிளப்பும் ஆர்ப்பாட்டம் எனக்குப் பிடிப்பதில்லை. நம்மவர் குழு ஒன்று லிங்காவில் ஒரு இளைஞரைச் சுற்றி நின்று "நீ தமிழன், உனக்குத் தெரியவில்லை" என்று விளக்கியதை நேரில் பார்த்தேன். அவர் காரோ மொழி பேசும் காரோக்காரர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறவர். அவருடைய குலத்துக்குள் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்து கலந்த சிலர் நம் கரையிலிருந்து வந்திருக்கலாம், அவ்வளவே. பெயரைக் கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். கேளுங்கள், கதை கேளுங்கள், பட்டம் சூட்டாதீர்கள். இன்னொன்று: செம்பிரிங் கிளைகளில் கெலிங் என்ற பெயரும் உண்டு. நம் நாட்டில் அந்தச் சொல் நம்மை இழிவுபடுத்தும் வசவாகக் காதில் விழும் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே அது ஒருவருடைய குடும்பப் பெயர். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சினாபுங்கின் தெற்குச் சரிவில் இருந்த குரு கினாயான் கிராமத்தின் பெயரும் ஒரு செம்பிரிங் கிளையின் பெயர்தான். அந்தக் கிராமத்தையும் எரிமலை காலி செய்துவிட்டது.

மேடான் நகரத் தமிழர்கள் வேறு வரலாறு. 1863-இல் நீன்ஹுய்ஸ் என்ற டச்சுக்காரர் மேடானைச் சுற்றியுள்ள டெலி வட்டாரத்தில் புகையிலை பயிரிடத் தொடங்கியபின் வண்டியோட்டவும் சாலை போடவும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள். பலர் பினாங்கு வழியாகப் போனவர்கள். நம் தாத்தாக்களுக்குப் பங்காளி என்றால் இவர்கள்தான். கடைசி நாள் கம்போங் மெட்ராஸில் 1884-இல் கட்டிய ஸ்ரீ மாரியம்மன் கோவிலுக்குப் போங்கள். நேரமிருந்தால் 2005-இல் எழுந்த அன்னை வேளாங்கண்ணி ஆலயத்தையும் பாருங்கள். கோபுரம் வைத்த தேவாலயம் அது.

சாப்பாடு. இதில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், காரோ மலை சைவர்களுக்கான ஊர் அல்ல. 'பிபிகே' என்ற பலகை திரும்பிய பக்கமெல்லாம் இருக்கும். அது காரோ பாணிச் சுட்ட பன்றி. 'பி1' என்று எழுதியிருந்தால் நாய் இறைச்சி. பாடாங் சாப்பாட்டுக் கடைகளில் இடித்த மரவள்ளிக் கீரை, பலாக்காய்க் குழம்பு, தெம்பே, தவ்வு கிடைக்கும். ஆனால் பிளாச்சான் என்ற இறால் விழுது கலக்காத குழம்பு அபூர்வம். அங்கே அதற்குப் பெயர் தெராசி. "தான்பா டாகிங், தான்பா இக்கான், தான்பா தெராசி", அதாவது இறைச்சி, மீன், தெராசி இல்லாமல் என்று மூன்றையும் சொல்லுங்கள். 'சாயூர் சாஜா' (காய்கறி மட்டும்) என்று மட்டும் சொன்னால் நெத்திலி போட்ட கீரை வரும். என் மனைவியும் சைவம். சிறிய மின்சோற்றுப் பானை, ஊறுகாய், பருப்புப்பொடி எடுத்துப் போய்விடுவோம். காய்கறிச் சந்தையோ காலடியில் இருக்கிறது. அறையில் சமைக்கலாமா என்று விடுதியில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழச்சந்தையில் மார்க்கிசா என்ற பேஷன் பழம், மரத்தக்காளி, ஆரஞ்சு வாங்குங்கள். அந்த மரத்தக்காளிக்கு 'தெரோங் பெலாண்டா' என்று பெயர், அதாவது டச்சுக் கத்தரிக்காய். பெனாத்தாப்பான் சாலையோரக் கடைகளில் சுட்ட சோளமும் இஞ்சி போட்ட பண்ட்ரெக் என்ற சூடான பானமும் உண்டு. 'சிம்பா' எங்கே கண்டாலும் விடாதீர்கள்: மாவுக்குள் தேங்காயும் வெல்லமும் வைத்து இலையில் மடித்து அவித்தது. அம்மா ஒரு வாய் வைத்ததும் அதற்கு ஒரு தமிழ்ப்பெயர் சொல்லிவிடுவார்.

நான்கு நாளை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் மேலே போய் ஓய்வு. இரண்டாம் நாள் விடிகாலை நீங்கள் சிபாயாக் ஏற, அம்மா தூங்கட்டும். பிற்பகல் எல்லோரும் வெந்நீர்க் குளம். மூன்றாம் நாள் லிங்கா, டோக்கான், அதே சாலையில் இன்னும் போனால் தொங்கிங். அங்கே சிபிசோபிசோ அருவி 120 மீட்டர் உயரத்திலிருந்து பாறை முகப்பைத் துளைத்துக்கொண்டு விழுகிறது. அருவிக்குப் பக்கவாட்டில் திரும்பினால் தோபா ஏரியின் வடமுனை, அந்தப் பெரிய குழியின் விளிம்பிலேயே நிற்பீர்கள். லெங்கோங் சாம்பலின் ஊற்றுக்கண் அது. கீழே இறங்கும் படிகள் எண்ணற்றவை. அம்மா மேலேயே உட்காரட்டும், காட்சி மேலிருந்துதான் நன்றாக இருக்கும். நான்காம் நாள் அதிகாலை இறங்கி மேடான், கோவில், விமானம்.

மலாய் தெரிந்த நமக்கு அங்குள்ள மொழி புரியும் என்று மிதப்பாக இருக்காதீர்கள். நமக்குக் காராக இருக்கும் 'கெரேத்தா' மேடானில் மோட்டார்சைக்கிள், 'மோட்டோர்' என்றால் கார், 'பாஜாக்' என்றால் சந்தை. ஐந்து பேருக்கு 'கெரேத்தா' வேண்டும் என்று நான் கேட்டபோது அந்த மனிதர் என்னையும் என் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். ரூப்பியாவில் சுழியன்கள் அதிகம். ஒரு லட்சம் என்றதும் பயந்துவிடாதீர்கள்.

ஸ்வெட்டர் வேண்டுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டும். அம்மாவுக்குக் காலுறை இரண்டு ஜோடி, காதை மூட ஒரு சால்வை. விடுதிகளில் கம்பளி மெலிதாக இருக்கும், குளியலறை வெந்நீர் காலை ஐந்து மணிக்கு வருமா என்று அறை எடுக்கும் முன் திறந்து பாருங்கள்.